பழைய சிடி கோல்ஃப் கேமை இப்ப ஓட வைக்கிறது எப்படி

90கள்ல வந்த டாஸ் (விண்டோஸுக்கு முந்தின சிஸ்டம்) கோல்ஃப் கேம் சிடி கையில இருந்தா மொதல்ல அதை இமேஜா, அதாவது சிடியோட முழு நகல் ஃபைலா எடுத்துக்கோங்க, ஐஎஸ்ஓ வகை வேணாம், பின்-க்யூவா (.bin, .cue ஃபைல்களா) எடுங்க, ஏன்னா சில கேம்ல மியூசிக் தனி ஆடியோ டிராக்கா இருக்கும், ஐஎஸ்ஓல அது வராது. அப்புறம் டாஸ்பாக்ஸ்ல (டாஸ் கேமை இப்ப இருக்கற கம்ப்யூட்டர்ல ஓட்டுற சாஃப்ட்வேர்) க்யூ ஃபைலை டி டிரைவா மவுண்ட் பண்ணிட்டு இன்ஸ்டால் போடுங்க, சவுண்ட் கார்டு கேட்டா சவுண்ட் பிளாஸ்டர் 16, போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1.

உண்மையான தலைவலி ஸ்விங்லதான். பெரும்பாலும் மூணு கிளிக், ஆரம்பிக்க ஒண்ணு, பவருக்கு ஒண்ணு, பந்து நேரா போக ஒண்ணு. எப்ப கிளிக் பண்ணணும்னு காட்டுற மீட்டர் கண்ணுக்கே சிக்காம பறந்தா கண்ட்ரோலும் எஃப்11-ம் அழுத்தி ஸ்பீடைக் குறைங்க, ரொம்பக் குறைச்சுட்டா ஒவ்வொரு மரமா வரைஞ்சு முடிக்கிறவரை உக்காந்திருக்கணும் (அப்ப எல்லாரும் அப்படித்தான் ஆடுனாங்க), கண்ட்ரோலோட எஃப்12 போட்டா ஸ்பீடு மறுபடி ஏறும்.