அரபு பேசும் வார்டில் நோயாளி மையப் பராமரிப்பை அளப்பது எப்படி?

ரியாத்திலோ ஜித்தாவிலோ வார்டில் வேலை பார்த்துக்கொண்டே முதுநிலை நர்சிங் ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுத்திருக்கிறீர்களா? கேள்விகளை நீங்களே எழுத உட்காராதீர்கள். இதை அளக்க ஸ்வீடனின் எட்வர்ட்சன் குழு உருவாக்கிய கேள்வித்தாள் (Person-centred Climate Questionnaire) இருக்கிறது: நோயாளிக்கு 17 கேள்வி, ஊழியருக்கு 14, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். யாரிடம் கேட்பது என்று முடிவு செய்துவிட்டு, உருவாக்கியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்; அரபு வடிவம் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும்.

அரபு வடிவம் இல்லையென்றால் மொழிபெயர்ப்பு. அரபைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியாகச் செய்யட்டும், இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குங்கள், அப்புறம் ஆங்கில மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். ஊருக்கு ஊர் பேச்சு மாறுவதால் எழுத்தில் பொது அரபுதான் சரி. பிறகு ஆறு நிபுணர்களாவது ஒவ்வொரு கேள்வியின் பொருத்தத்துக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் போடட்டும். 3 அல்லது 4 போட்டவர்களின் பங்கு 0.78-க்குக் கீழே போனால் கேள்வியைத் திருத்துங்கள்.

அடுத்த படியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். 30, 40 நோயாளிகளிடம் தாளைக் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேளுங்கள். வார்டு வீடு மாதிரி இருக்கிறதா என்ற பொருளில் ஒரு கேள்வி வரும். அதைக் கேட்டதும் அவர் மனதில் வந்தது என்ன, குடும்பம் வந்து போக முடிவதா, தொழுகைக்கு மக்காவை நோக்கிய கிப்லா திசை தெரிவதா, பெண் நோயாளிக்குப் பெண் நர்ஸ் வருவதா? அவர் வாயாலேயே சொல்லட்டும். எந்தக் கணக்கும் இதைத் தராது.

கட்டிலருகே முராஃபிக், அதாவது துணைக்குத் தங்கும் உறவினர் இருப்பார், பல நேரம் அவரே பதிலும் சொல்லிவிடுவார். அவர் கருத்துக்குத் தனித்தாள் வையுங்கள். தன்னைப் பார்த்துக்கொள்ளும் நர்சே தாளை நீட்டினால் நோயாளி குறை சொல்லத் தயங்குவார். வார்டில் வேலை செய்யாத, அரபு பேசும் ஒருவர் சீருடை இல்லாமல் போகட்டும், படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.

இன்னொன்று. அரபுத் தாள் வலமிருந்து இடமாக ஓடும், 1 வலது ஓரத்தில் நிற்கும். எக்செல்லில் ஏற்றுபவர் இடமிருந்து எண்ணினால் 6 போட்டவர் 1 போட்டவராகிவிடுவார். கட்டத்துக்குள்ளேயே எண்ணை அச்சடித்துவிடுங்கள்.

கேள்விக்குப் பத்துப் பேர் என்பது பொதுவான கணக்கு, ஆக 170 பேர். கேள்விகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா 0.70-ஐத் தாண்ட வேண்டும். ஆனால் மொத்தச் சராசரியோடு நிற்காமல் கேள்விவாரியாகப் பாருங்கள்: எல்லாரும் 6 போட்ட கேள்வி வார்டுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைக் காட்டாது, பதில்கள் 2-லும் 3-லும் குவிந்த கேள்வியை நோயாளி பெயர் எதுவும் இல்லாமல் வார்டு பொறுப்பாளரிடம் அந்த வாரமே கொண்டு போங்கள்.