முள்ளந்தண்டுத் தொற்றுக்குப் பின்: வீட்டில் நோயாளியைத் தேற்றும் முறை

முள்ளந்தண்டில் கிருமித் தொற்று ஏற்பட்டு வைத்தியசாலையில் தங்கியிருந்தவர் வீடு திரும்பியதும், குடும்பத்தார் ஒன்றில் அவரைக் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை, அல்லது நோவு குறைந்த கையோடு வயல் வேலைக்குப் போகவும் விட்டுவிடுகின்றனர். படுத்தே கிடந்தால் தசை வற்றும், படுக்கைப்புண் வரும்; அவசரப்பட்டால் அரித்துப்போன எலும்பு நொறுங்கிக் கூன் விழக்கூடும். மருந்து பிடித்ததும் நோவு சில கிழமைகளில் தணியத் தொடங்கும், ஆனால் எலும்பு இறுகுவதற்கு மாதக்கணக்கு செல்லும். கவனமாகக் கடக்க வேண்டியது அந்த இடைக்காலத்தைத்தான்.

எந்தக் கிருமி என்பதை நோய் நிர்ணய அட்டையைக் காட்டி வைத்தியரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் மருந்தின் காலம் அதைப் பொறுத்தே அமைகிறது. ஸ்டபிலோகொக்கஸ் போன்ற சீழ்க்கிருமிக்கு வழக்கமாக 6 கிழமையும், காய்ச்சாத பாலினால் பரவும் புரூசெல்லாவுக்குக் குறைந்தது 3 மாதமும், காசநோய்க்கு 9 முதல் 12 மாதமும் மருந்து தேவைப்படும். காசநோய் மருந்துகள் அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றான ரிபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அதற்குப் பயந்து மருந்தை நிறுத்தக் கூடாது. அதே மருந்து சில நீரிழிவு மாத்திரைகளின் வேலையைக் குறைத்துவிடுவதால், சீனி வருத்தம் உள்ளவர் இரத்தச் சீனியை அடிக்கடி பார்க்க வேண்டும். கண் மஞ்சளானாலும் பாதம் விறைத்தாலும் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

படுக்கையிலிருந்து எழும்பும் முறைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. மல்லாந்து படுத்தவர் நேராக நிமிர்ந்து எழும்பக் கூடாது. முதலில் இரு முழங்கால்களையும் மடித்து, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி பக்கவாட்டில் உருள வேண்டும். பிறகு கால்களைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டபடி, கீழ்க்கை முழங்கையாலும் மேற்கை உள்ளங்கையாலும் மெத்தையை ஊன்றி எழும்ப வேண்டும். படுக்கும்போது இதையே தலைகீழாகச் செய்யலாம். பள்ளம் விழும் கயிற்றுக் கட்டிலும், குனிந்து எழும்ப வேண்டிய பாயும் இக்காலத்துக்கு ஆகாதவை.

முதுகுப்பட்டி தரப்பட்டிருந்தால் அதைப் படுத்தபடியே அணிவதா, எத்தனை மாதம் அணிவது என்பதெல்லாம் சத்திரசிகிச்சை நிபுணரின் தீர்மானம். மட்டக்களப்பு வெக்கையில் வியர்வை ஊறித் தோல் புண்ணாகும் என்பதால், உள்ளே சுருக்கமில்லாத பருத்திப் பனியன் அணிவித்து, நனைந்தால் மாற்றிவிடுங்கள். பட்டியைக் கழற்றி அரை மணித்தியாலம் கழிந்தும் சிவப்பு மறையாத இடம் இருந்தால், அதைத் திருத்தித் தரும்படி கேட்க வேண்டும்.

வைத்தியர் அனுமதித்ததும் நடைதான் முதன்மையான பயிற்சி. ஒரே மூச்சில் நெடுந்தூரம் நடப்பதைவிட, ஐந்து ஐந்து நிமிடமாகப் பலமுறை நடப்பது நல்லது. கரையோர வீடுகளின் மணல் முற்றத்தில் கால் புதைந்து உடல் ஆடும் என்பதால், ஆரம்பத்தில் சீமெந்து விறாந்தையே பொருத்தம். படுத்திருக்கும்போது பாதங்களை மேலும் கீழும் அசைப்பதும், தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவதும், ஆழமாக மூச்செடுப்பதும் போதும். வயிற்றுக்கும் முதுகுக்குமான பயிற்சிகளை இயன்மருத்துவர் காட்டித் தந்த பின்னரே தொடங்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, குனிந்து முற்றம் கூட்டுவது, கிறவல் வீதியில் மோட்டார் சைக்கிளில் போவது மூன்றும் தடை. குந்தும் மலசலகூடத்தின் மேல் நடுவில் துளையுள்ள கதிரையொன்றை வைத்துக்கொள்ளலாம். படுவான்கரை போன்ற தூர இடத்தவர், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு ஒவ்வொரு முறையும் வருவதற்குப் பதிலாக அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் பயிற்சியைத் தொடர முடியுமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

எண்ணெய் தேய்த்து உருவுவது பற்றி ஒரு வார்த்தை. நம்மவருக்கு முறிவு நெரிவு வைத்தியத்தில் நம்பிக்கை அதிகம். ஆனால் தொற்று அரித்த முள்ளந்தண்டை அழுத்துவதும் இழுப்பதும் நரம்பையே நசுக்கிவிடக்கூடும். யார் வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள்.

கால் இயங்காத நோயாளியை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டி, குதி, இடுப்பு, வால் எலும்பு ஆகிய இடங்களின் தோலைப் பார்க்க வேண்டும். உணவில் மீன், முட்டை, பயறு, பருப்பு தாராளமாக இருக்கட்டும். உடலில் அழற்சி எவ்வளவு என்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனைத் தாள்களைத் திகதி வாரியாக அடுக்கி கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். ஒரு தனிப் பெறுபேற்றை விட அளவு இறங்கி வருகிறதா என்பதே வைத்தியருக்கு முக்கியம்.

காய்ச்சல் திரும்புவது, நோவு இரவில் கூடுவது, கால் பலமிழப்பது, சிறுநீர் அடைபடுவது அல்லது தெரியாமல் போவது, மலவாயைச் சுற்றி உணர்ச்சி மரப்பது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கால் பலமிழந்தாலோ சிறுநீர் அடைபட்டாலோ உணர்ச்சி மரத்தாலோ ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்கக் கூடாது. அப்போது அவரை ஓட்டோவில் மடக்கி ஏற்றாமல், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, நேராகப் படுக்க வைத்துக் கொண்டு செல்லுங்கள்.