பியர்டட் டிராகன் பெட்டி: கடற்கரை ஊரில் வெப்பமும் ஈரமும் அளப்பது எப்படி

புதுச்சேரி, கடலூரில் பியர்டட் டிராகன் என்ற ஓணான் வகையை வளர்ப்பவர்களுக்கு வெப்பத்தைவிடப் பெரிய தொல்லை ஈரப்பதம். இந்த ஓணானுக்கு 30 முதல் 40 சதவீத ஈரப்பதம் போதும். ஐப்பசி அடைமழையில் வீட்டுக்குள்ளேயே 80ஐத் தாண்டும். நாள்கணக்கில் நீடித்தால் நுரையீரல் தொற்றுக்கு வழி.

முள் காட்டும் ஒட்டு மீட்டரை நம்பாதீர்கள். கம்பி சென்சார் உள்ள டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்று ஓணான் சூடு காயும் விளக்கடிக் கல்லருகே, மற்றது குளிர்ந்த மூலையில், இரண்டும் ஓணானின் முதுகு உயரத்தில். மேல்விளிம்பில் மாட்டினால் அது படுத்திருக்கும் இடத்தின் அளவு தெரியாது. செல்லோடேப் வேண்டவே வேண்டாம், தோலைக் கிழித்துவிடும். கேபிள் டை போதும். கல்லின் மேற்பரப்பை மட்டும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டரால் பாருங்கள்: 38 முதல் 42 டிகிரி. குளிர்ந்த மூலை 24 முதல் 29.

வாங்கியதும் ஒரு சோதனை: பாட்டில் மூடியில் சமையல் உப்பைச் சில சொட்டு நீரில் சேறுபோல் குழைத்து, மீட்டருடன் ஜிப் கவரில் 12 மணி நேரம் மூடிவையுங்கள். ஈரப்பதம் 75 சதவீதம் காட்டவேண்டும். 80 காட்டினால் எப்போதும் 5 கழியுங்கள். உப்பு முழுதும் கரைந்திருந்தால் சோதனை செல்லாது.

ஈரம் இறங்காவிட்டால் வலைமூடி போட்டு, அறை ஏசியை 'டிரை'யில் வையுங்கள். மீட்டரின் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைத் தினமும் காலையில் குறித்துக்கொள்ளுங்கள். இரவு மின்வெட்டு அதில்தான் தெரியும்.