நான்கு சீஸ், இரண்டு ஒயின்: முதல் சீஸ் தட்டை அமைப்பது எப்படி?

சீஸுக்குத் துணை என்றதும் பலர் சிவப்பு ஒயினைத்தான் வாங்குகிறார்கள். முதல் பிழை அங்கேயே நடந்துவிடுகிறது. சிவப்பு ஒயினின் துவர்ப்பு, பிரீ போன்ற வெண்ணெய்ப் பதச் சீஸோடும் அதன் வெள்ளைத் தோலோடும் சேரும்போது கசந்துபோகும். இரும்பை நக்கியதுபோல நாக்கில் நிற்கும். விலை உயர்ந்த ஒயினாக இருந்தாலும் இது மாறாது. புளிப்புள்ள வெள்ளை ஒயினும் இனிப்பு ஒயினும்தான் சீஸுக்கு நம்பகமான துணை.

1. வாங்க வேண்டியவை (நான்கு பேருக்கு, சாப்பாட்டுக்குப் பின்)

குரோத்தான் த ஷவிஞோல் என்ற வெள்ளாட்டுப் பால் சீஸ் 2 (ஒன்று சுமார் 60 கிராம்), பிரீ த மோ 100 கிராம், ஸ்பெயினின் மான்செகோ 80 கிராம், நீலப் பூஞ்சை ஓடிய ரோக்ஃபோர் சீஸ் 80 கிராம். சான்செர் வெள்ளை ஒயின் ஒரு பாட்டில், சொத்தேர்ன் இனிப்பு ஒயின் அரைப் பாட்டில் (375 மி.லி.). ஒரு பகெத் (நீளமான பிரெஞ்சு ரொட்டி), கொஞ்சம் வால்நட் பிரெட், அத்தி ஜாம், மெம்பிரியோ. பேரிக்காய் போன்ற குயின்ஸ் பழத்தைச் சர்க்கரையோடு காய்ச்சி, கத்தியால் வெட்டும் பதத்துக்கு இறுகவைத்ததே மெம்பிரியோ.

பூண்டு, மூலிகை சேர்த்த பிரெட் வேண்டாம்; சீஸின் மணத்தை விழுங்கிவிடும்.

2. ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுங்கள்

குளிர்ந்த சீஸில் கொழுப்பு இறுகியிருக்கும், மணம் எழாது. காகிதத்தோடே வெளியே வையுங்கள், மேற்பரப்பு காயாது. பிரீயில் அமோனியா நெடி மூக்கைத் துளைத்தால் அது முதிர்ந்துவிட்டது, தட்டில் வைக்காதீர்கள். ஒயின்கள் இரண்டும் 10 டிகிரி அளவில் இருக்கட்டும்.

3. வெட்டுதல்

பிரீயின் கூர்முனையை மட்டும் அரிந்து எடுக்கக் கூடாது. பலரும் விரும்பும் பகுதி அதுதான்; முனையிலிருந்து தோல் வரை நீளவாக்கில் வெட்டினால் எல்லோருக்கும் பங்கு கிடைக்கும். அதன் தோலைச் சாப்பிடலாம். மான்செகோவின் பாய்ப்பின்னல் தடம் பதிந்த தோலை நீக்கிவிட்டு, 3 மி.மீ. முக்கோண வில்லைகளாக்குங்கள். ரோக்ஃபோருக்குத் தனிக் கத்தி வேண்டும். ஒரே கத்தி என்றால் நீலப் பூஞ்சை மற்ற மூன்றிலும் ஏறிவிடும்.

4. சுவைக்கும் வரிசை

முதலில் ஷவிஞோல், பகெத், சான்செர். ஷவிஞோல் கிராமம் சான்செர் ஊரை ஒட்டியே இருக்கிறது. இந்தச் சீஸின் புளிப்புக்கு இந்த ஒயினின் புளிப்பு ஈடுகொடுக்கும்.

அடுத்து பிரீ, அதே ஒயினோடு. ஜாம் தேவையில்லை.

மூன்றாவது மான்செகோ. அதே அளவு மெல்லிய மெம்பிரியோ துண்டை மேலே வைத்து ஒரே கடியாகக் கடியுங்கள். இங்கிருந்து சொத்தேர்னுக்கு மாறிவிடுங்கள். காரணம், மெம்பிரியோ, ஜாம் இவற்றின் இனிப்பு ஒயினின் இனிப்பை மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் நல்ல சான்செர்கூட வெறும் எலுமிச்சைத் தண்ணீர்போல் இருக்கும்.

கடைசியாக ரோக்ஃபோர். செம்மறியாட்டுப் பால், பிரான்சின் கொம்பலு மலைக் குகைகளில் பழுப்பது, உப்பு தூக்கலானது. வால்நட் பிரெட்டில் சுண்டைக்காய் அளவு வைத்து, கால் தேக்கரண்டி அத்தி ஜாம் தொட்டு மென்று, அது வாயில் இருக்கும்போதே ஒரு மிடறு சொத்தேர்ன். உப்பு அடங்கி, பாலின் இனிப்பு மேலே வரும். நான்கில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இந்த ஜோடியை வாங்குங்கள்.

மிஞ்சியதை பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றாதீர்கள், வியர்த்து நெடி ஏறும். பட்டர் பேப்பரில் மடித்து மூடிய டப்பாவில் வைக்கலாம். ரோக்ஃபோர் மட்டும் அதன் தகட்டிலேயே, தனி டப்பாவில்.