ஸ்கீ உடை வாங்கும்போது அளவில் செய்யும் தவறுகள்

டிசம்பர் விடுமுறைக்கு ஜப்பானின் ஹொக்கைடோ போகலாம் என்று வீட்டில் முடிவானதும் அடுத்து உடை வாங்கக் கிளம்பிவிடுவார்கள். அக்டோபரிலிருந்தே கேஎல் (கோலாலம்பூர்) கடைகளில் இந்தக் கூட்டம் தொடங்கிவிடும். குளிர் உடைகளுக்கு அளவு பார்த்துக் கொடுப்பதுதான் என் வேலை என்பதால், முதல் தடவை ஸ்கீ (பனிச்சறுக்கு) செய்யப் போகிறவர்கள் வருஷா வருஷம் அதே இடங்களில் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வாங்க வருபவர்கள் மட்டும் இல்லை, கடையில் புதிதாகச் சேர்ந்து அளவு பார்க்கும் பிள்ளைகளும்தான். ஆயிரக்கணக்கில் ரிங்கிட்டைக் கொட்டி வாங்கிய உடைக்குள்ளே ஒருவர் நனைந்து நடுங்கினால், அந்தத் துணி எவ்வளவு உசத்தியாக இருந்து என்ன பயன்?

பிள்ளைக்கு அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று பெரிதாக எடுப்பது, போட்டே பார்க்காமல் ஆன்லைனில் வாங்குவது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எண்ணை நம்பி எடுப்பது

"நான் எப்பவும் 38தான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவார்கள். எந்த நாட்டு 38? இத்தாலிய 42, பிரெஞ்சு 38, ஜெர்மன் 36, பிரிட்டிஷ் 10, இந்த நாலும் ஏறக்குறைய ஒரே பெண்ணுக்கான அளவு. அதனால் பிரான்சின் ஃபுசால்ப் பிராண்டில் 38 போடுகிறவர் ஜெர்மனியின் போக்னரில் அதே 38 கேட்டால் ஒரு சுற்று பெரிதாக வரும். மொன்க்ளேர் ஜாக்கெட்டுகளில் இந்தக் கணக்கே கிடையாது, 0, 1, 2, 3 என்று தனி வரிசை. கோல்ட்வின், டிசென்ட் மாதிரி ஜப்பானிய பிராண்டுகளில் S, M, L என்று பார்க்கப் பழகியதாக இருக்கும். ஆனால் ஜப்பானில் விற்பதற்கென்று தைத்தது ஐரோப்பிய அளவைவிடச் சின்னது. அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கும் பெரிய உடம்புக்காரர்கள் இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்களுக்குக் கணக்கு சுலபம். ஐரோப்பிய ஜாக்கெட் அளவு என்பது மார்புச் சுற்றளவில் பாதி. 100 சென்டிமீட்டர் மார்பு என்றால் 50. டேப் எடுத்து அளந்து இரண்டால் வகுத்துவிட்டுக் கடைக்கு வாருங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஜெர்மன் முறையில் குட்டை உடம்புக்கென்று தனி எண் உண்டு. 50இன் குட்டை வடிவம் 25. பெண்களுக்கு 38இன் குட்டை வடிவம் 19. உயரமானவர்களுக்கும் தனி எண் உண்டு, 98 என்றால் கைகால் நீளமான ஆண் 50. சிலுவாரில் (பேண்ட்டில்) 25 என்று பார்த்ததும் "இருபத்தஞ்சு இன்ச் இடுப்பா, நமக்கு எங்கே ஏறும்" என்று திருப்பி மாட்டிவிடுகிறார்கள். இடுப்பு அதே இடுப்புதான், கால் நீளம்தான் குறைவு. நம் ஆட்களில் நிறையப் பேருக்குச் சரியாக உட்காருவது இந்த அளவுதான். எல்லாக் கடையிலும் மாட்டி வைத்திருக்க மாட்டார்கள், வரவழைத்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கேஎல் வெயிலோடு வந்து போட்டுப் பார்ப்பது

வெளியே 33 டிகிரி. கார் நிறுத்திவிட்டு வேர்த்து விறுவிறுத்து வருகிறோம், ஒரு டி-ஷர்ட்டுக்கு மேல் டவுன் (மெல்லிறகு அடைத்த) ஜாக்கெட்டை மாட்டுகிறோம், மூச்சு முட்டுகிறது. "இறுக்கமா இருக்கு, அடுத்த சைஸ் கொடுங்க." அது இறுக்கம் இல்லை, சூடு. கடை ஏசியில் பத்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். மெல்லிய உள்ளாடை ஒன்று, மேலே ஒரு ஃப்ளீஸ் மேலாடை, அதற்கு மேல் ஜாக்கெட், அப்புறம் பேசலாம்.

உள்ளே ஸ்வெட்டர் போட வேண்டுமே என்று ஒரு அளவு கூட்டி எடுப்பதும் இதே ரகம்தான். ஸ்கீ ஜாக்கெட்டை வெட்டும்போதே உள்ளடுக்குக்கு இடம் விட்டுத்தான் வெட்டுகிறார்கள். டவுன் இறகுக்குள் தங்கும் காற்றுதான் நம்மைச் சூடாக வைக்கிறது. ரொம்ப இறுக்கினால் இறகு அமுங்கி அந்தக் காற்று போய்விடும். ரொம்பத் தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் குளிர்க்காற்று கீழிருந்து ஏறும், உள்ளே பனி புகாமல் தடுக்கத் தைத்திருக்கும் எலாஸ்டிக் பட்டி இடுப்பைப் பிடிக்காது. ஜிப்பை முழுசாக ஏற்றிவிட்டு உங்கள் தோள்களை நீங்களே கட்டிப் பிடித்துப் பாருங்கள். முதுகில் இழுக்கக் கூடாது. கைகளை முன்னே நீட்டினால் மணிக்கட்டு வெளியே தெரியக் கூடாது.

ஜீன்ஸுக்கு மேல் போட்டுப் பார்ப்பது

வேண்டாம்.

சிலுவாரின் நீளத்தைக் குறைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. மற்ற தவறுகளைக் கடையிலேயே திருத்திவிடலாம், இதைத் திருத்த முடியாது.

நடப்பது இதுதான். ஒருவர் சாதாரணச் செருப்போடு வருகிறார், ஸ்கீ சிலுவாரைப் போடுகிறார், அது பாதத்தில் குவிந்து தரையைக் கூட்டுகிறது. உடனே, "பரவாயில்லை, டெய்லர்கிட்ட கொடுத்து ரெண்டு இன்ச் குறைச்சிக்கலாம்." சுடிதாரோ ஆபீஸ் சிலுவாரோ எதை வாங்கினாலும் அப்படித்தானே போட்டுப் பழகியிருக்கிறோம்.

கிள்ளானிலிருந்து ஓர் அம்மா, ஹொக்கைடோவின் நிசெகோ போய்வந்த கையோடு ஒரு வெள்ளைச் சிலுவாரைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். வாங்கியது வேறொரு கடையில். அங்கே இருந்த பெண் இவரைத் தட்டையான செருப்போடு நிற்க வைத்து, குதிகால் மட்டத்துக்கு மடித்துக் குண்டூசி குத்தி அனுப்பியிருக்கிறாள். கேஎல் மஸ்ஜித் இந்தியா பகுதியில் ஒரு டெய்லர் அந்தக் குறியிலேயே வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டார். "முதல் நாளே பனி பூட்ஸுக்குள்ள போயிருச்சும்மா. மலைக்கு ஏத்துற நாற்காலி லிஃப்ட்ல உட்கார்ந்தா பூட்ஸைப் பூட்டுற பக்கிள் எல்லாம் வெளியில தெரியுது, காலு மரத்துப் போச்சு" என்றார். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பூட்ஸைக் கவ்விப் பிடிக்கும் உள்மடிப்பு பாதியில் நறுக்கப்பட்டிருந்தது, அதன் ரப்பர் விளிம்பைக் காணோம். பக்கவாட்டு ஜிப்பின் நுனியை வெட்டி நூலால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். உள்கணுக்காலில் இருந்திருக்க வேண்டிய தடித்த துணிப் பட்டை அடியோடு போய்விட்டது. தையல் மட்டும் அவ்வளவு நேர்த்தி. டெய்லரை நான் குறை சொல்ல மாட்டேன், குண்டூசி இருந்த இடத்தில் அவர் வெட்டினார். பூட்ஸ் இல்லாமல் குண்டூசி குத்தியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "திரும்ப நீட்ட முடியுமா?" என்று அந்த அம்மா கேட்டார். வெட்டிய துணி எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது.

ஸ்கீ சிலுவார் நீளமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்கீ பூட்ஸ் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு. அதன் தடித்த அடிப்பாகம் நம்மைச் சில சென்டிமீட்டர் தூக்கிவிடும், பருமனும் பக்கிள்களும் துணியைச் சுற்றளவில் இழுத்துக்கொள்ளும். முட்டியை மடக்கினால் விளிம்பு மேலே ஏறும், லிஃப்டில் உட்கார்ந்தால் இன்னும் ஏறும். கீழே இருக்கும் உள்மடிப்பு பனியைத் தடுக்க, தடித்த பட்டை மறுகாலின் ஸ்கீயில் உள்ள எஃகு விளிம்பு துணியைக் கிழிக்காமல் இருக்க, ஜிப் பக்கிள்களுக்கு மேல் விரிய. கீழிருந்து வெட்டினால் மூன்றும் சேர்ந்து போகும். போதாததற்கு, நீர் புகாத துணியில் ஊசி போட்ட ஒவ்வொரு துளையும் நீருக்கு வழி. ஆலையில் தைத்த தையல்களுக்கு உள்பக்கம் டேப் ஒட்டி அடைத்திருப்பார்கள், புதிய தையலுக்கு அது இருக்காது.

ஆகவே ஸ்கீ பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் நீளம் பார்க்க வேண்டும். கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இருப்பதிலேயே அடி தடித்த, கணுக்கால் பருத்த பூட்ஸைக் கொண்டு போங்கள். நிற்கும்போது முன்விளிம்பு பூட்ஸின் மேல் படிய வேண்டும், பின்விளிம்பு தரைக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். முட்டியை நன்றாக மடக்கியும் பக்கிள்கள் மூடியே இருந்தால் நீளம் சரி. அப்போதும் இழுபட்டால் மேலே சொன்ன 25, 19 போன்ற குட்டை அளவைத் தேடுங்கள். உள்மடிப்பே இல்லாமல் கீழே விரியும் ஸ்ட்ரெட்ச் வகைகளை மட்டும் குறைக்கலாம், அதுவும் பிராண்டின் சொந்தத் தையற்காரர்களிடம், பூட்ஸோடு அளந்து. பாதத்தின் கீழ் பட்டி போகும் ஒட்டிய வகை வேறு விஷயம். அது பூட்ஸுக்குள்ளே போகிறது, பட்டி மெல்லியதாக இருக்கிறதா, காலை மடக்கினால் வெட்டாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஏற்கெனவே வெட்டிவிட்டீர்களா? பூட்ஸின் மேல் தனியாகக் கட்டும் கெய்ட்டர் வாங்கிச் சிலுவாருக்கு உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். பனி உள்ளே போவதாவது நிற்கும்.

கண்ணாடி முன் நேராக நிற்பது

குந்துங்கள். ஸ்கீ செய்யும்போது யாரும் நேராக நிற்பதில்லை. குந்தும்போது பின்னிடுப்பில் இடைவெளி விழுந்தால் அல்லது முட்டியில் துணி இறுகினால் அந்த வெட்டு உங்களுக்கு ஆகாது.

ஹெல்மெட் இல்லாமல் ஹூட் (ஜாக்கெட்டின் தலைமூடி) பார்ப்பது

ஹெல்மெட்டைக் கடைக்குக் கொண்டு போங்கள்.

ஒரே துண்டாக வரும் உடையை உயரம் பார்த்து எடுப்பது

படத்துக்கு அழகாக இருக்கிறது என்று ஒன்பீஸ் கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். இதில் உயரத்தைவிட உடலின் நடுப்பகுதி நீளம்தான் முக்கியம். ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு முதுகு நீளம். ஒரு தோளிலிருந்து டேப்பை முன்பக்கமாக இறக்கி, கால்களுக்கு நடுவே விட்டு, பின்பக்கமாக அதே தோளுக்குக் கொண்டுவந்து அளந்து, பிராண்டின் அட்டவணையில் அந்த அளவு இருந்தால் ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டு நாற்காலியில் உட்காருங்கள், குனிந்து பூட்ஸ் பக்கிளைப் போடுவது போலச் செய்யுங்கள். தோளும் அடியும் சேர்ந்து இழுத்தால் அடுத்த அளவு. அடுத்த அளவில் இடுப்பு தொங்கினால் அந்த உடையை விட்டுவிட்டு ஜாக்கெட்டையும் சிலுவாரையும் தனித்தனியாக வாங்குங்கள். கழிவறையில் மேல்பாதியை முழுசாகக் கழற்றி இறக்க வேண்டும் என்பதால், ஈரத் தரையில் உடையின் கை விழாமல் அதைச் செய்ய முடிகிறதா என்பதையும் உடைமாற்றும் அறையிலேயே ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள்.