திரிதிரியாகக் காயும் தலைமுடியைச் சிக்கில்லாமல் பிரிப்பது எப்படி?

பாம்பன் பக்கம் தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், காற்றே முடியைக் காயவைத்துவிடும். காய்ந்த முடியைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். விரல் உள்ளே போகாது. கற்றை கற்றையாக ஒட்டி, நுனியெல்லாம் முடிச்சு விழுந்து, தும்புக் கயிறு மாதிரி இருக்கும்.

என் அக்கா மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். இடுப்பு வரை முடி. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்தால் திங்கட்கிழமை காலையில் வீட்டில் அழுகைச் சத்தம்தான். பள்ளிக்கு நேரமாகிறது என்று உச்சியிலிருந்து சீப்பை இழுப்பார்கள், கொத்தாக முடி பிய்ந்து வரும். ஒருநாள் பின்கழுத்துச் சிக்கைக் கத்தரியால் வெட்டியே எடுத்தார்கள். அன்றைக்கு அவள் அழுததைப் பார்த்த பிறகுதான், "சித்தி, இனிமே நீங்களே வாரிவிடுங்க" என்று அவள் கேட்டதை ஏற்றுக்கொண்டேன். இப்போது அவள் தலையில் கத்தரி படுவதில்லை. செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

சிக்கு எங்கிருந்து வருகிறது?

யாருக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. மூன்று நாள் பின்னலை அவிழ்க்காமல் இருந்தால் உதிர்ந்த முடிகள் கீழே விழ வழியின்றி உள்ளேயே கிடக்கும். தண்ணீர் பட்டதும் அவை மற்ற முடிகளைச் சுற்றிக்கொள்ளும். முக்கால்வாசிச் சிக்கு இப்படித்தான் தொடங்குகிறது என்பது என் அனுபவம்.

அடுத்தது தண்ணீர். முடியின் மேல்புறம் மீன் செதில் போல அடுக்கடுக்காக இருக்கிறது. செதில் படிந்திருந்தால் முடி வழுக்கும், நிமிர்ந்தால் ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளும். குளியல் சோப்பின் காரம் அதை நிமிர்த்திவிடும். நம் ஊர் போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம் இருந்தால் சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் பிசுக்காகத் திரண்டு முடியில் படியும்.

மூன்றாவது உப்பு. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. வாலிநோக்கம் உப்பளத்துக் கல் உப்பு மழைக்காலத்தில் ஜாடிக்குள் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். முடியில் படிந்த உப்பும் காற்றின் ஈரத்தை இழுத்து அப்படித்தான் பிசுபிசுக்கும்.

படி 1: குளிப்பதற்கு முன்பே சிக்கெடுங்கள்

தலை நனைவதற்கு முன் பின்னலை அவிழ்த்து, உதிர்ந்த முடியை எல்லாம் எடுத்துவிடுங்கள். நுனியில் நான்கு விரற்கடை வாருங்கள். அது சரியானதும் இன்னும் கொஞ்சம் மேலே. இப்படியே ஏறி உச்சிக்குக் கடைசியில்தான் வர வேண்டும். மேலிருந்து வாரினால் எல்லா முடிச்சும் கீழே ஒரே இடத்தில் போய் இறுகும்.

அப்புறம் ஒன்றிரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயை நுனி வரை தடவி அரை மணி நேரம் விடுங்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவக் கூடியது, அதனால் முடி தண்ணீரில் ஊறி உப்புவது குறையும்.

படி 2: அலசும் வரிசை

ஷாம்பூவை ஒரு மக் தண்ணீரில் கரைத்து, தலைத்தோலில் மட்டும் தேயுங்கள். வழிந்து வரும் நுரையே முடியின் நீளத்துக்குப் போதும். முடியை உச்சியில் குவித்துத் துணி கசக்குவது போலக் கசக்கக் கூடாது. சீயக்காய் என்றால் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் தூள் முடிக்கிடையில் தங்கி மணல் போல நறநறக்கும்.

போர் தண்ணீரில் குளித்தாலும் கடைசி அலசலுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள். குடிக்கிற தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவதா என்று நம் பக்கத்தில் மனசு தயங்கும், அது நியாயம்தான். அரைக் குடமாவது ஒதுக்குங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும். மாதம் ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழச் சாற்றை வடிகட்டி ஊற்றினால் உப்புப் பிசுக்கு விடும். கண்ணில் படாமல் ஊற்றி, மறுபடி நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

படி 3: வழவழப்பு இருக்கும்போதே பிரியுங்கள்

முழு வேலையும் இந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது. கடைசி அலசலுக்கு முன்பாக, பிழிந்த ஈர முடியில் காதுக்குக் கீழிருந்து நுனி வரை கண்டிஷனர் தடவுங்கள். அது வேண்டாம் என்றால் இரண்டு கைப்பிடி செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கி, வரும் வழவழப்பை வடிகட்டித் தடவுங்கள். சோறு வடித்த கஞ்சி எனக்குச் சரிப்படவில்லை. சேலைக்குக் கஞ்சி போடுவது போல்தானே, சரியாக அலசாவிட்டால் முடி விறைத்துத் திரியாகத்தான் காய்கிறது.

தடவியதும் சீப்பை எடுக்காதீர்கள். முதலில் விரல்கள். முடியை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முடிச்சு தட்டுப்படும் இடத்தைத் தேடுங்கள். முடிச்சுக்கு மேலே ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் இழுப்பது வேருக்குப் போகாது, குழந்தைக்கு வலிக்காது. மறு கையால் முடிச்சைப் பக்கவாட்டில் இரண்டாக விலக்குங்கள். கீழே இழுத்தால் இறுகும், பக்கவாட்டில் விலக்கினால் இளகும். வலை பிரிப்பவர்களைப் பாருங்கள், இழுக்கவே மாட்டார்கள்.

ஈர முடி அதிகம் நீளும், சுலபமாக அறுந்தும் போகும். அதனால் நேரான முடிக்காரர்கள் இந்த நேரத்தில் விரலோடு நிறுத்திக்கொண்டு, முக்கால்வாசி காய்ந்த பிறகு அகலப் பல் சீப்பு போடலாம். சுருட்டை முடிக்கு இது தலைகீழ். வழவழப்போடு ஈரமாக இருக்கும்போதே சீப்பு போட்டு முடித்துவிட வேண்டும், காய்ந்தபின் வாரக் கூடாது. சுருட்டை முடி சுருள் சுருளாகச் சேர்ந்து காய்வது அதன் இயல்பு. விரல் உள்ளே போய் வெளியே வந்தால் அது சிக்கே இல்லை. அதைச் சிக்கு என்று நினைத்து எத்தனை பிள்ளைகளின் முடியை வாரி வாரிக் கெடுத்திருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

படி 4: துவட்டுவதும் காயவைப்பதும்

துண்டால் அடித்துத் துவட்ட வேண்டாம். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி அழுத்துங்கள்.

காயவைக்கும்போது நேர்க் காற்றில் நிற்காதீர்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து வரும், அப்போது வீட்டின் கிழக்குப் புறம் போய் உட்காருங்கள். வாடைக் காலத்தில் தென்புறம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விரலால் கற்றைகளைப் பிரித்துவிடுங்கள். ஒட்டிய கற்றை ஈரத்தில் சுலபமாகப் பிரியும், காய்ந்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும். உட்கார நேரமில்லையா? சரி, இரண்டு தளர்வான பின்னல் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போட மட்டும் வேண்டாம்.

ஏற்கெனவே காய்ந்து கட்டியாகிவிட்டதா?

தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்னும் இறுகும். காய்ந்த கட்டியின் மேலேயே எண்ணெயைத் தாராளமாக விட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு கட்டியின் அடிப்பக்கத்திலிருந்து நாலைந்து முடியாக உருவுங்கள். நடுவில் ஊசிச் சீப்பின் வாலைச் செருகிக் கட்டியை இரண்டாக்கலாம். ஒரு மணி நேரம்கூட ஆகும். குழந்தை என்றால் இடையில் எழுந்துபோய் விளையாடிவிட்டு வரட்டும்.

கடலில் குளிப்பவர்களுக்கு

பாசி எடுக்கப் போகும் அக்காமார் தலையில் இறுக்கித் துணி கட்டிக்கொண்டுதான் கடலில் இறங்குவார்கள். நீங்களும் எண்ணெய் வைத்து, தளரப் பின்னி, நல்ல தண்ணீரில் நனைத்து, அதே போலத் துணி கட்டிக்கொண்டு இறங்குங்கள். முதலிலேயே நனைந்த முடி உப்புத் தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும். இராமேசுவரத்தில் அக்னி தீர்த்தக் கடலில் முழுகிவிட்டுக் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நனைபவர்கள் ஈரத் தலையை விரித்துப்போட்டு நடக்காமல், பின்னலோடே போய்த் தங்குமிடத்தில் படி 3-ஐச் செய்யுங்கள்.

ஒரே அலசலில் முடி முழுவதும் பிரிக்கவே முடியாத பாறையாக இறுகிவிட்டாலோ, கட்டிக்கு அடியில் அரிப்பு, சீழ், நாற்றம் இருந்தாலோ வீட்டில் போராடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பேனும் ஈரும் இருந்தால் முதலில் அதற்குத்தான் வைத்தியம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே சீப்பு என்றால், அன்றைக்கே பிள்ளைக்குத் தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள்.