புது கார் சிக்னலில் அணைந்து போகிறதா? பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்

வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத சிறிய பெட்ரோல் கார். சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது) காட்டும் முள் ஏறி இறங்கி, சட்டென்று என்ஜின் அணைந்துவிடுகிறது. பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் கோளாறுக் குறியீடு (ஃபால்ட் கோட்) பதிவாகும்போது, அந்த நொடியில் இருந்த ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம், வண்டியின் வேகம் எல்லாம் சேர்ந்தே பதிவாகும். பேட்டரியைக் கழற்றினால் பல கார்களில் இது அழிந்துவிடும்; குறியீட்டைப் படிக்கும் மலிவான ஓபிடி கருவியை மாட்டி அதை அழித்தாலும் அப்படியே. பிறகு சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்தால் ஒன்றும் காட்டாது. வண்டி அப்படியே வீட்டுக்குத் திரும்பும்.

பேட்டரியைக் கழற்றுவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, காற்றை உள்ளே விடும் த்ராட்டில் தட்டை எவ்வளவு திறந்து வைக்க வேண்டும் என்பதை ஈசியூ ஓடி ஓடிக் கற்று வைத்திருக்கிறது. அந்த நினைவு போனால், இல்லாத ஐடில் கோளாறு புதிதாக முளைக்கும். வேறு வேலைக்காகக் கழற்றியே ஆக வேண்டியிருந்தால், மாட்டிய பிறகு ஏசி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். அதன்பின் ஏசி போட்டுச் சில நிமிடம் ஓடட்டும். முறை மாடலுக்கு மாடல் மாறும், சிலவற்றுக்கு ஸ்கேனரே தேவைப்படும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கெல்லாம் முன்பு, அது கோளாறுதானா என்று பாருங்கள். நியூட்ரலில் போட்டு கிளட்ச்சை விட்டதும் அணைந்து, மறுபடி கிளட்ச்சை மிதித்ததும் தானே ஸ்டார்ட் ஆனால், அது பெட்ரோலை மிச்சப்படுத்தும் ஐடில் ஸ்டாப் வசதி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஆர்பிஎம் 1200-க்கு மேல் நின்று, ஓரிரு நிமிடத்தில் 700 முதல் 850-க்குள் இறங்குவதும், ஏசி கம்ப்ரஸர் ஓடும்போது சற்று ஏறுவதும் இயல்பு. மூன்று சிலிண்டர் என்ஜினில் லேசான அதிர்வு இருக்கத்தான் செய்யும். ஆனால் முள் நிலையில்லாமல் ஆடுவதையோ என்ஜின் நின்று போவதையோ “மூன்று சிலிண்டர் என்றால் அப்படித்தான்” என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

முதல் கியரில் கிளட்ச்சை விடும்போது மட்டும் நின்றால், பெரும்பாலும் ஓட்டும் பழக்கம்தான் காரணம். சிறிய என்ஜினுக்கு ஐடிலில் இழுவை குறைவு. ஏசி ஓடும்போது, வண்டி நிறைய ஆள் இருக்கும்போது, கிளட்ச் பிடிக்கும் இடத்தில் ஒரு நொடி நிறுத்தி லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுக்க வேண்டும். கிளட்ச்சை முழுக்க மிதித்திருக்கும்போதோ நியூட்ரலிலோ நின்றால், கோளாறு என்ஜின் பக்கம். இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும்.

கார்புரேட்டர் வைத்த மாருதி 800 காலத்தில் ஐடில் ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்தோம். அந்தப் பழக்கத்தில் இன்றைய த்ராட்டில் பாடியில் உள்ள ஸ்க்ரூவைத் தொடக் கூடாது. அது தட்டு எங்கே நிற்க வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையிலேயே அமைத்தது. திருகினால் ஈசியூவின் கணக்கு குழம்பும். த்ராட்டில் பாடி கிளீனிங்கும் இப்போதைக்கு வேண்டாம். சில ஆயிரம் கிலோமீட்டரில் அங்கே அடைக்கிற அளவுக்குக் கரி சேராது. தட்டை விரலால் தள்ளித் துடைத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையலாம்.

பெட்ரோல் போடும்போது நாஸில் ஒருமுறை ‘டக்’கென்று நின்றதும் போதும். ரூபாயைச் சரிக்கட்ட மேலும் மேலும் ஊற்றினால், ஆவியை மட்டும் பிடிக்க வேண்டிய கரி கேனிஸ்டருக்குள் திரவப் பெட்ரோலே போய்விடும். அங்கிருந்து, ஆவியை என்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு வழியாக உள்ளே போய், கலவையில் பெட்ரோல் மிகையாகிறது. டேங்க் நிரப்பிய உடனே மட்டும் ஸ்டார்ட் ஆகத் தாமதித்து, ஐடிலில் அணைந்து, கொஞ்ச தூரம் ஓடியதும் சரியாகிறது என்றால் சந்தேகம் இங்கேதான். பர்ஜ் வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டாலும் இதே அறிகுறி வரும்.

மாறாக, பெட்ரோல் போட்டுச் சில கிலோமீட்டரில் திணறத் தொடங்கி, போகப் போக மோசமானால் தண்ணீர் கலந்திருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தாங்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். பெட்ரோல் பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காமல் வண்டியை நிறுத்தி, பங்க் பில்லைப் பத்திரப்படுத்தி, டேங்க்கை வடிக்கச் சொல்லுங்கள். வடித்ததைக் கண்ணாடி பாட்டிலில் வைத்தால் அடியில் தனி அடுக்கு தெரியும்.

முதல் சர்வீஸுக்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்றால் ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பும், அதிலிருந்து த்ராட்டில் வரை போகும் குழாயின் கிளாம்ப்பும் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஐடிலில் பிரேக்கை மிதித்ததும் ‘உஸ்’ சத்தத்தோடு ஆர்பிஎம் மாறினால், பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரிலோ அதன் வேக்குவம் குழாயிலோ கசிவு இருக்கலாம். தெருவில் நிறுத்துகிற வண்டியென்றால் எலி கடித்த ஒயரையும் தேடுங்கள்; இதற்குப் பொதுவாக வாரண்டி கிடையாது. ஒயரை வெட்டிக் கூடுதல் ஹாரன், ரிமோட் லாக் பொருத்திய இடங்களையும் பாருங்கள்.

செக் என்ஜின் விளக்கு மினுக்கினால் ஓட்டாதீர்கள். மிஸ்ஃபயரில், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாதபோது, எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்டரைச் சுட்டுவிடும். ஓடும்போதே என்ஜின் நின்றால் சாவியை எடுக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாகப் பிடித்து, ஹசார்ட் போட்டு ஓரங்கட்டுங்கள்.

சர்வீஸ் சென்டரில் புகாரைப் பதியும் ஜாப் கார்டில் “ஐடில் பிரச்சினை” என்று மட்டும் எழுத விடாதீர்கள். “என்ஜின் சூடான பின், ஏசி ஓடும்போது, நியூட்ரலில், ஆர்பிஎம் 500-க்குக் கீழே போய் அணைகிறது, வாரத்தில் மூன்று முறை, கடைசியாக டேங்க் நிரப்பியது இந்தத் தேதியில்” என்பதுபோல எழுதச் சொல்லி, ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். கோளாறுக் குறியீடு ஏதாவது வந்திருந்தால் அந்த எண்ணும் அதில் இருக்கட்டும்: பி0171 என்றால் கலவையில் காற்று மிகை, பி0300 என்றால் மிஸ்ஃபயர், பி0506 என்றால் ஐடில் இருக்க வேண்டியதைவிடக் குறைவு.